கூரை என்னுது சார்

அந்தப் பக்கம் உக்காராதீங்க சார், வேலூர் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஜன்னல்லதான் வெயில் அடிக்கும். இப்படி என் பக்கம் வந்துடுங்க. வெயில் விஷயத்துல நான் சொன்னா நம்பலாம். இத்தனை வருஷமா எனக்குச் சோறு போட்டதே அதுதான். இந்த வருஷம்தான் தட்டைப் பிடுங்கிக்கிச்சு.

பேரு தணிகாசலம். தணிகை ஏர்கூலர்ஸ், வாடகைக்குக் கிடைக்கும்னு நீலக் கலர்ல போர்டு, பாத்திருப்பீங்க. பாத்ததில்லையா? பரவாயில்ல, இனிமே பாத்தும் பிரயோஜனம் இல்ல. கூலர் பூரா குடோன்ல அடுக்கி வெச்சிருக்கேன். எல்லாம் எங்க தெரு பொம்பளைங்க பண்ண உபகாரம். உலகத்தைக் காப்பாத்தறாங்களாம். காப்பாத்தட்டும். யாரு வேணாங்கறது? என் தலையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?

விவரமா சொல்றேன். எனக்கு எட்டு லைன் வீடு இருக்குது. ஒரே வரிசை, ஒரே சுவரு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. ஷூ கம்பெனிக்குப் போறவங்க, கொத்தனாரு, செக்யூரிட்டி, அந்த மாதிரி ஜனங்க குடியிருக்காங்க. வேலூர் வெயிலு, ஷீட்டு வீடு, சித்திரை மாசம். உள்ள இருக்க முடியுமா? முடியாது. அதான் அவங்களுக்கெல்லாம் நானே கூலர் வாடகைக்குக் கொடுக்கறேன். வீடும் நானே கொடுக்கறேன், காத்தும் நானே கொடுக்கறேன். எந்த ஊர்ல எந்த ஓனர் இப்படிப் பண்றான், சொல்லுங்க. தண்ணி மட்டும் அவங்க ஊத்திக்கணும், கரண்டு மட்டும் அவங்க கட்டிக்கணும். மத்தபடி எல்லாம் நான்தான்.

நீங்க சிரிக்கறீங்க. ஷீட்டை எடுத்துட்டு தளம் போட்டிருக்கலாமேன்னுதானே? எங்க வீட்டுக்காரியும் அதையேதான் கேட்டா. தளம் போட்டா அப்புறம் கூலரை யாரு எடுப்பா?

இது எங்கே ஆரம்பிச்சுதுன்னா, ஒரு மீட்டிங்குல. தை மாசம், பள்ளிக்கூடத்துல பெஞ்சு எல்லாம் ஓரம் தள்ளிட்டு மீட்டிங் போட்டாங்க. ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, தோள்ல துணிப்பை. பூமி சூடாயிக்கினே போகுதாம், கடல் ஏறுதாம், மழை தப்பித் தப்பிப் பெய்யுதாம். நான் கடைசியில நின்னுக்கினு கேட்டேன், "ஏம்மா, வேலூரு எப்பம்மா சூடாகாம இருந்துச்சு?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சுது. சிரிச்சுட்டு, "அய்யா, முன்ன கத்திரியில மட்டும் பட்ட பாட்டை இப்ப மாசியிலயே படறீங்களா இல்லையா?"ன்னு கேட்டுது. அதுக்கு நான் இன்னா சொல்றது? சீசன் நீளமாச்சேன்னு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தன்தான். அதை அங்க சொல்ல முடியுமா?

அப்புறம் ஏசியைப் பிடிச்சுக்கிச்சு. ஏசி வீட்டுக்குள்ள குளுமையைக் கொடுத்துட்டு சூட்டைத் தெருவுல கொட்டுதாம். கொட்டட்டுமே சார். தெரு இன்னா என் வீடா?

சரி, மீட்டிங் முடிஞ்சுது, டீ கொடுத்தாங்க, வந்துட்டேன். ஆனா எங்க லைன் வீட்டு ஜெயசீலி வரலை. அந்தப் பொண்ணுகூட உக்காந்துக்கினு பேசறா, பேசறா, அப்படிப் பேசறா. 

ஜெயசீலி யாருன்னு சொல்லிடறேன். மூணாம் நம்பர் வீடு. ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கற வேலை. அவ வீட்டுக்காரரு ஆபிரகாம், ஒரு குடோன்ல ராத்திரி செக்யூரிட்டி. நல்ல மனுஷன். ராத்திரி முழிச்சுட்டு பகல்லதான் தூங்கணும். பகல்னா எந்தப் பகல்? ஷீட்டுக்கு அடியில, மத்தியானம் ரெண்டு மணி. நம்ம கூலர்தான் அவருக்குத் தாலாட்டு.

போன வருஷம் கத்திரியில ஒண்ணு நடந்துச்சு. சத்துவாச்சாரியில ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம்ல கூலர் பத்தலைன்னு போன் மேல போன். குடோன்ல ஒண்ணும் இல்ல. ஆபிரகாம் வீட்டுக் கூலரை எடுத்துக்கினு போனேன். ரெண்டு நாளைக்குன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். ஜெயசீலி வாசல்லதான் நின்னுக்கினு இருந்தா, சரிங்கண்ணான்னா. மறுநாள் மத்தியானம் அந்த மனுஷன் எழுந்து, எங்க இருக்கோம்னு தெரியாம உளறி, அப்படியே வாசப்படியில விழுந்துட்டாரு. உடம்பு தொட்டா சுடுதாம். ஆஸ்பத்திரியில கக்கத்துல எல்லாம் ஐஸ் கட்டி வெச்சாங்க. பொழைச்சுட்டாரு. பேச்சு கொஞ்சம் இழுக்குது, அவ்வளவுதான். நான் ஆப்பிள் வாங்கிக்கினு போய்ப் பாத்தேன்.

அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே சுகர் இருந்துச்சு. அதோட கூலர் இருந்திருந்தா மட்டும் இன்னா, அன்னிக்கு கரண்டு போயிருந்தா? போயிருக்கலாம் இல்ல? ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? சரி, விடுங்க. அந்தக் கல்யாணத்துல சாப்பாடு நல்லா இருந்துச்சு.

இந்த வருஷம் மாசி பிறந்ததும் ஜெயசீலி இன்னும் நாலஞ்சு பொம்பளைங்களைக் கூட்டிக்கினு என் வீட்டுக்கு வந்தா. நான் கூலருக்குத்தான் முன்கூட்டியே சொல்ல வந்திருக்காங்கன்னு நினைச்சு சேர் எல்லாம் எடுத்துப் போட்டேன்.

"அண்ணா, கூரை மேல சுண்ணாம்பு அடிச்சுக்கறோம். சாமான் எங்களுது, வேலையும் எங்களுது. நீங்க சரின்னா போதும்."

"சுவத்துக்கு அடிம்மா, வேணாங்கல. கூரைக்கு எதுக்கு? காக்காவுக்கு அழகு காட்டவா?"

"மேல வெள்ளையா இருந்தா வெயில்ல பாதி அப்படியே திரும்பிப் போயிடும்ணா. எங்க கம்பெனி ஷெட்டுக்குப் போன மழை முடிஞ்சதும் அடிச்சாங்க. மிஷின்ல உக்காந்தா முதுகு நனையறது இப்ப இல்ல."

"கம்பெனி கூரை கம்பெனியோடது. இந்தக் கூரை என்னுது. நீங்க மேல ஏறி ஒரு ஷீட்டு உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

ஜெயசீலி சேரை விட்டு எழுந்தா. அப்புறம் மெதுவா சொன்னா, "கூரை உங்களுதுதாண்ணா. அதுலேர்ந்து கீழ இறங்கற சூடு மட்டும் எங்களுதா?"

பாத்தீங்களா பேச்சை. குடியிருக்கறவங்க ஓனர்கிட்ட பேசற பேச்சா இது? முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். போறப்ப எங்க வீட்டுக்காரி சுலோச்சனா அவங்களுக்கு மோர் கொடுத்தா. சும்மா கொடுக்கறான்னு நினைச்சேன். மோர் கொடுக்கற சாக்குல சுண்ணாம்பு விவரம் பூரா கேட்டு வெச்சுக்கினான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

பங்குனியில எங்க அக்கா பேத்திக்குக் காது குத்து, திருத்தணியில. நான் மட்டும் போனேன். சுலோச்சனா கால் வலின்னுட்டா. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் திரும்பி வந்து தெரு முனையில இறங்கினா கண்ணு கூசுது சார். எட்டு வீட்டுக் கூரையும் வெள்ளை வெளேர்னு நிக்குது. ஏதோ கோயில் கும்பாபிஷேகம் மாதிரி. கீழ டிரம்முல மீதி சுண்ணாம்பு. டிரம்மு யாருதுன்னு பாத்தா என்னுது. ஏணியும் என்னுது. சுண்ணாம்பு வடிகட்டின துணி இருக்கே, அது எங்க கல்யாண நாளைக்கு நான் எடுத்துக் கொடுத்த வாயில் புடவை.

சுலோச்சனாவைக் கேட்டேன், "கால் வலி எப்படி இருக்குது?"

"சாயந்தரம் தேவலை"ன்னா. கையெல்லாம் முட்டி வரைக்கும் வெள்ளையா இருக்குது.

நேரா போய் ஏணி மேல ஏறிப் பாத்தேன். உடைஞ்ச ஷீட்டு ஒண்ணு கிடைச்சா போதும், அதை வெச்சே அவங்களை மடக்கிடலாம்னு. பாவிங்க, பலகை போட்டு அது மேல மண்டி போட்டுக்கினு, நீளக் கொம்புல துடைப்பத்தைக் கட்டி அடிச்சிருக்காங்க. ஒரு கீறல் இல்ல. எனக்கு இன்னும் கடுப்பு அதுலதான்.

போலீசுக்குப் போனேன். ஏன் போகக் கூடாது? என் சொத்து. ஏட்டு கஜேந்திரன் மறுநாள் மத்தியானமே வந்துட்டாரு. நல்ல உச்சி வெயில். வேர்த்து விறுவிறுத்து, கையில தொப்பி. "யாரும்மா இங்க ஜெயசீலி?"ன்னு நல்ல அதட்டலாத்தான் ஆரம்பிச்சாரு. அவ அன்னிக்கு லீவு போட்டிருந்தா. "வெயில்ல நின்னு எதுக்கு சார் பேசணும், உள்ள வாங்க"ன்னா. போனாரு. நான் வெளிய நிக்கறேன். நிக்கறேன், நிக்கறேன், ஆளைக் காணோம். எட்டிப் பாத்தா பிளாஸ்டிக் சேர்ல சாஞ்சுக்கினு, தொப்பியை மடியில வெச்சுக்கினு, கண்ணை மூடிக்கினு இருக்காரு. ஃபேன் மட்டும் சுத்துது.

"சார்"னேன்.

"விசாரணை நடக்குது இல்ல"ன்னாரு, கண்ணைத் திறக்காம.

அப்புறம் வெளிய வந்து பேப்பரைப் பிரிச்சாரு. "கூரையைச் சேதப்படுத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. சேதம் எங்க?"

"கலரை மாத்திட்டாங்க சார்."

"முன்ன இன்னா கலரு?"

"அது, ஒரு சாம்பல் மாதிரி."

"அழுக்குக் கலருன்னு எழுதிக்கட்டுமா?"

 அவரு என் தோள்ல கையைப் போட்டு அந்தாண்ட கூட்டிக்கினு போனாரு. பயந்துட்டேன். குரலைத் தாழ்த்திக்கினு சொல்றாரு, "எங்க குவார்ட்டர்ஸ் மேல் மாடி சார். சாயந்தரம் சுவத்துல கை வைக்க முடியலை. இந்தம்மா சுண்ணாம்புல இன்னா பசை கலக்கறாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டா நல்லா இருக்காது." சட்டம் ஒழுங்கு அவ்வளவுதான் சார் நம்ம ஊர்ல.

அப்புறம் கூலர் வர ஆரம்பிச்சுது. சித்திரைக்கு முன்னாடியே அஞ்சாறு பேரு வாங்கி வெச்சிருந்தாங்க, பழக்கதோஷம். ஒவ்வொருத்தரா துடைச்சு, தொட்டித் தண்ணியை வடிச்சுட்டு, மரியாதையா தூக்கிக்கினு வந்து வாசல்ல வெக்கறாங்க. "அண்ணா, இந்த வருஷம் ஃபேனே போதும் போல. வேற யாருக்காவது உதவும்." உதவுமாம். கொத்தனார் வீட்டம்மா இன்னும் ஒரு படி மேல. "கூலருக்கு ஊத்தற தண்ணி மிச்சம்ணா, துணி துவைக்க ஆவுது"ன்னா. நான் அவங்க துணியைப் பத்திக் கவலைப்பட்டேனா?

ஜெயசீலி வீட்டுக்கு நானே ஒண்ணை எடுத்துக்கினு போனேன். வாடகை வேணாம், சும்மா வெச்சுக்கோன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க, சொன்னேன். "வேணாம்ணா"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. ஏதாவது சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். திருப்பித் தூக்கிக்கினு வந்தேன்.

இப்ப கத்திரி ஆரம்பிச்சுதா. எங்க வீடு மாடி வீடு, தளம் போட்டது, ஏசி இருக்குது. ஒரு நாள் மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுடுச்சு. ஊர்ல அத்தனை ஏசியும் ஒரே நேரத்துல ஓடினா வெடிக்காம இன்னா பண்ணும்னு கரண்டு ஆபீஸ்ல கேக்கறான். தளம் இருக்குதே, பகல் பூரா குடிச்ச சூட்டை மெல்ல மெல்ல நம்ம தலையில இறக்குது. நான் ஈரத்துண்டைப் போட்டுக்கினு படுத்திருக்கேன். எழுந்து பாத்தா சுலோச்சனாவைக் காணோம். கூப்பிட்டா பதில் இல்ல.

எனக்குத் தெரியும் எங்கன்னு. தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் "ஜெயசீலியைப் பாத்துட்டு வரேன்"னு போவா, சாயந்தரம்தான் வருவா. கேட்டா பேச்சு சுவாரசியம்பா. நானும் நம்பிக்கினு இருந்தேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். போய் நாலு பேர் முன்னாடி கூட்டிக்கினு வந்துடணும், ஓனர் பொண்டாட்டி குடித்தனக்காரங்க வீட்டுல போய்ப் படுத்தா ஊரு இன்னா சொல்லும்னு. செருப்பைப் போட்டுக்கினு கிளம்பினேன். மூணாம் நம்பர் வாசல்ல ஜெயசீலி உக்காந்துக்கினு புளி ஆய்ஞ்சுக்கினு இருக்கா. நான் வாயைத் திறக்கறேன், விரலை வாய் மேல வெக்கறா.

"அண்ணா, சத்தம் போடணும்னா வாங்க, அந்த முனைக்குப் போயிடலாம். அவரு இப்பதான் தூங்கினாரு."

உள்ள பாத்தேன். கரண்டு இல்ல சார், ஃபேன் கூட ஓடலை. அந்த மூலையில சுலோச்சனா, பக்கத்துல கொத்தனார் வீட்டம்மா, கைக்குழந்தை ஒண்ணு, எல்லாம் தூக்கம். இந்தப் பக்கம் பாயில ஆபிரகாம். சுருண்டு படுத்துக்கினு, கழுத்து வரைக்கும் போர்வை.

போர்வை சார். கத்திரி வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, என் ஷீட்டு வீட்டுல, அந்த மனுஷன் போத்திக்கினு தூங்கறாரு. கொழுப்பு இருக்கணும் சார் அதுக்கு. நான் இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குக் கூலர் கொடுத்தேன், ஒரு நாளாவது போத்திப் படுத்திருப்பாரா? இப்ப இவங்க நாலு குடம் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்திட்டு, என்னைப் பாருன்னு போத்திக்கினு படுத்தா என் மூஞ்சியை நான் எங்க வெச்சுக்கறது?

கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். மூச்சு நல்லா வந்துக்கினு இருந்துச்சு. ஏறி ஏறி இறங்குது போர்வை. ஜெயசீலி புளியைப் பாத்துக்கினு இருக்கா, என்னைப் பாக்கலை.

"சாருக்கு டூட்டி எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டேன். வேற இன்னா கேக்கறது?

"எட்டு மணிக்குண்ணா."

"தூங்கட்டும்"னேன்.

வந்துட்டேன். அந்தச் செருப்பு கொஞ்சம் சத்தம் போடற செருப்பு, அதனால கழட்டிக் கையில எடுத்துக்கினு வந்தேன். தெருவு தோசைக்கல்லு மாதிரி காயுது, கால் கொப்புளம் போட்டுடுச்சு. பயந்துட்டு வந்தேன்னு நினைச்சுக்காதீங்க.

அதுக்கப்புறம் நிம்மதி இல்ல சார். பக்கத்துத் தெரு லைன் வீட்டு ஓனரெல்லாம் என்னைத்தான் திட்டறாங்க, நீதான்யா ஆரம்பிச்சு வெச்சேன்னு. அவங்க குடித்தனக்காரங்களும் கூரைக்கு வெள்ளை கேக்கறாங்களாம், இல்லேன்னா தணிகாசலம் லைன்ல வீடு காலியானா அங்க போயிடுவோம்கறாங்களாம். எங்க வீடு எங்க காலியாவுது? ஒருத்தரும் நகர மாட்டேங்கறாங்க. அப்ப வாடகையை ஏத்தலாமேன்னு நானும் ஒரு நாள் சாப்பிடறப்ப சும்மா சொல்லிப் பாத்தேன். சுலோச்சனா என்னைப் பாத்தா. அவ்வளவுதான். ரசத்தை ஊத்திக்கினேன்.

ஜெயசீலி இப்ப பெரிய ஆளு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் பொம்பளைங்களைச் சேத்துக்கினு கொம்பும் துடைப்பமுமா தெருத்தெருவா போறா. பள்ளிக்கூடத்துக்கு அடிச்சாச்சு, ரேஷன் கடைக்கு அடிச்சாச்சு, ஏட்டு வீட்டுக்கு அடிச்சாச்சு. அந்த மீட்டிங்கு பொண்ணு துப்பாக்கி மாதிரி ஒண்ணைக் கொண்டுவந்து கூரைக்கு நேரா நீட்டி சூடு பாத்து, எல்லாரும் கை தட்டிக்கினு ஒரே கூத்து. இது ஒரு வைத்தியமா சார்? ஒரு மழைக்காலம் போனா சுண்ணாம்பு பாதி போயிடும், மறுபடி அடிக்கணும். கேட்டா, "மறுபடி அடிப்போம்ணா"ங்கறா. பொண்ணைக் கேட்டா, இது மட்டும் போதாதுய்யா, கரி எரிக்கறதைக் குறைக்கணும், மரம் வெக்கணும், இன்னும் எவ்வளவோ இருக்குதுங்குது. இன்னும் இருக்குதாம். அதுல எத்தனை என் தொழிலுக்கு வேட்டு வெக்கப் போவுதோ.

ஆரணிக்கு எதுக்குப் போயிட்டு வரேன்னு கேட்டீங்க இல்ல. கண்டக்டர் பின்படிக்கிட்ட மூட்டைங்களைப் பாத்துக் கத்தினாரே, அதெல்லாம் என்னுதுதான். கல் சுண்ணாம்பு. சூளையில நேரா வாங்கினா தரமா இருக்கும். இவங்களுக்குக் கடைக்காரன் கல்லும் மண்ணும் கலந்து கொடுத்து ஏமாத்தறான், பாத்துக்கினு எப்படி இருக்கறது? எனக்குச் சூளைக்காரரைத் தெரியும். அதனால வாங்கித் தர்றேன். நான் அவங்க ஆளு கிடையாது, அதை மட்டும் தெளிவா வெச்சுக்குங்க. கடைசி மூட்டை எங்க மாடிக்கு. அதுவும் சுலோச்சனா தொந்தரவு தாங்காம.

வேலூர் வந்துடுச்சு. இன்னா சார், தூறுது? இத்தனை நாள் இல்லாம இன்னிக்குப் பாத்து. அந்த மூட்டைங்களை இறக்க ஒரு கை கொடுங்க, தண்ணி பட்டா கொதிக்க ஆரம்பிச்சுடும். அதோ பாருங்க, தள்ளுவண்டியோட நிக்கறாங்க, ஜெயசீலி, ஆபிரகாமு, எல்லாம். டூட்டிக்குப் போற நேரத்துல இந்த மனுஷனுக்கு இங்க இன்னா வேலை? நடுவுல குடையை விரிச்சுக்கினு நிக்கறது எங்க வீட்டுக்காரி. முப்பத்தோரு வருஷத்துல பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எனக்காக நின்னதே இல்ல. சிரிக்காதீங்க சார். குடை எனக்கில்ல, மூட்டைக்கு.